வெள்ளிக்கிழமை வோல்டேஜ்

அன்பு மகள் விஜிக்கு,

ஆம்பூர் பஜார் வீதியின் முடிசூடா ரேடியோ சக்கரவர்த்தியும், ஐயாயிரம் வால்வு செட்டுகளை எமலோக வாசற்படியிலிருந்து காலரைப் பிடித்து இழுத்து வந்தவரும், பட்டாளத்தின் சிக்னல் பிரிவில் இருந்த காலத்தில் ஒற்றைக் கம்பியைக் கொண்டு இமயமலையையே பேச வைத்தவரும், உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவருமான உன் தாய்மாமன் எழுதுவது. சௌக்கியம் விசாரிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அரக்கோணம் வந்து உன் கையால் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, அவை ஒவ்வொன்றும் தபால்பெட்டி கனம் என்று சொல்லி உன்னிடம் குத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். இட்லி நன்றாகத்தான் இருந்தது. வந்த காரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இட்லியைத் திட்டினேன்.

நீ போட்ட போஸ்ட் கார்டு வந்தது. அதைத் தபால்காரர் எனக்கு முன்னால் படித்து, டீக்கடையில் நாலு பேருக்கு வாசித்தும் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கொண்டுவந்து கொடுத்தார். "மாமா, கல்யாணத்துல அப்பா எடத்துல நீங்கதான் ஒக்காரணும். நீங்கதான் தாரை வாத்துக் குடுக்கணும். வேற யாரு ஒக்காந்தாலும் நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். அவர் அந்தப் பக்கம் போனதும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது ஒரு போஸ்ட் கார்டில் வந்துவிட்டது. மகளே, அந்த இடத்தில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. உன் அப்பா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரிந்திருப்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். இதைப் படித்த பிறகும் நான் அங்கே உட்காரலாமா, அந்தப் பந்தலுக்குள்ளாவது வரலாமா என்பதை நீதான் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் அப்பா தேவராஜைப் பற்றி உனக்கு நான் சொல்லி வளர்த்த கதைகளில் பாதிக்கு மேல் என் சொந்தச் சரக்கு. ஒரே கையால் எருமைத்தோல் இருபதைத் தூக்குவார் என்றேன். மூன்று தூக்குவார், அதுவும் இரண்டு கையால். ஆடும்போது மண்டபத்தின் கூரை பறந்தது என்றேன். உன் அம்மாவின் கல்யாணத்தில் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உண்மை. தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற மின்சார டிரம் ஓட்டுகிற முப்பது பேரில், நான் அளக்கிற கதையை முழுக்க நம்பினவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். ரேடியோவுக்குள் ஓடுகிற எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் நான் பெயர் வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னேன். "ஒரு பேர் சொல்லு மச்சான்" என்றார். முத்துலட்சுமி என்றேன். அன்றிலிருந்து ரேடியோ கரகரவென்றால், "முத்துலட்சுமிக்கு ஜலதோஷம்" என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் வருவார்.

எமர்ஜென்சி முடிந்த வருடம். நீ மூன்றாம் வகுப்பு. அவர் வேலை பார்த்த தோல் ஷாப்பின் பின்பக்கத்தில் கழிவுத் தொட்டி ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மேலே மூடிக்கல். தோல் கழுவின தண்ணீர், சுண்ணாம்பு, மயிர், கொழுப்பு எல்லாம் அதில்தான் வந்து மண்டும். மாதம் ஒருமுறை ஆள் இறங்கிச் சேற்றை வாளியில் அள்ள வேண்டும். சேற்றைக் கிளறினால் அடியிலிருந்து வாயு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம். நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை, நாற்றம் திடீரென்று நின்றுபோனால்தான் பயம், மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மதியம் டிரம் எல்லாம் நிற்கும், புதுத் தண்ணீர் தொட்டிக்கு வராது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இறங்குவார்கள். ஆனால் மூடிக்கல்லை வியாழக்கிழமை காலையிலேயே நகர்த்தி, நீளக் கழியால் கிளறி விட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே திறந்து போட்டிருப்பார்கள். அந்த ஒரு நாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆனால் யாரும் செத்ததில்லை.

ஒருமுறை இரண்டு பேர் மயங்கி விழுந்து, பிழைத்துக்கொண்டார்கள். முதலாளி பெரிய பாய் நல்ல மனிதர், அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன சாமான் கொண்டுவந்தார். விரல் நுனி அளவுதான் இருக்கும், வாயு பட்டால் அதிலிருந்து ஒரு துளி மின்சாரம் மாறும். "இதை வெச்சு ஒரு மணி செஞ்சு குடுக்க முடியுமா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். முடியுமாவா? யாரைப் பார்த்து இன்னா கேள்வி? "பாய், மணி இன்னா மணி, வாயு எந்தத் தேதியில பொறந்துது, அதுக்கு அப்பா பேர் இன்னா, அம்மா பேர் இன்னான்னு அந்த மெஷின் சொல்லும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பேர் வேணாம் தம்பி, மணி அடிச்சா போதும்" என்றார்.

இனி கொஞ்சம் சமாசாரம் சொல்ல வேண்டும், உனக்குப் புரியும், நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்கிற பெண். அந்த விரல்நுனிச் சாமான் முணுமுணுக்கத்தான் செய்யும். தொட்டிக்கும் வாசல் வாட்ச்மேன் அறைக்கும் இருநூறு அடி. மணியைத் தொட்டி பக்கத்திலேயே வைத்தால் அந்தக் காற்றில் ஒரே மாதத்தில் இற்றுப்போகும், அதனால் வாட்ச்மேன் அறையில்தான் வைக்க வேண்டும். முணுமுணுப்பு அவ்வளவு தூரம் போகாது. ஆகவே தொட்டி ஓரத்தில் ஆப்-ஆம்ப் என்கிற ஒரு சில்லு. அதன் வேலை, முணுமுணுப்பை வாங்கிச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது, கோயில் மைக் செட் மாதிரி. மறுமுனையில், வாட்ச்மேன் அறைப் பெட்டிக்குள், டிரான்ஸீவர் என்று இன்னொரு சில்லு. அது பேசவும் பேசும், கேட்கவும் கேட்கும். வாட்ச்மேன் பட்டனை அமுக்கினால் அது கம்பி வழியாகப் பேசும், தொட்டி ஓரத்தில் பச்சை விளக்கு எரியும், கம்பி அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். தொட்டிப் பக்கத்திலிருந்து சேதி வந்தால் அதைக் கேட்டு மணியை அடிக்கும். ஆனால் அதன் காது பச்சைக்குழந்தைக் காது. ஐந்து வோல்ட் வரை கேட்கும். அதற்கு மேல் அரை வோல்ட் தாங்கினால் அதிகம். அதையும் தாண்டினால் செத்துவிடும், கத்தாது, புகையாது, சும்மா செத்துவிடும்.

ஆப்-ஆம்புக்கோ அடக்கம் தெரியாது. என் ஜாதி. எவ்வளவு சோறு போடுகிறாயோ அவ்வளவுக்குக் கத்தும். பத்து வோல்ட் சப்ளை கொடுத்தால் எட்டு, எட்டரை வரைக்கும் போய் நிற்கும். ஆப்-ஆம்பை டிரான்ஸீவரோடு இணைக்க வேண்டுமென்றால் நடுவில் இரண்டு ரெசிஸ்டரை வைத்துச் சத்தத்தைப் பங்கு போட்டுக் குறைக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் மிச்சத்தைத் தரையில் கொட்டிவிடுகிற ஜீனர் டயோடு ஒன்றும் வைக்க வேண்டும். மொத்தமாகச் சேர்த்தாலும் உன் சுண்டுவிரல் நகத்தில் உட்காரும். என் கடையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தது. நான் வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை? அளந்து பார்த்தேன், அதனால்தான். அதுதான் வேடிக்கை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, சேற்றை ஒரு பாட்டிலில் கிளறி அந்தச் சாமான் மூக்கில் காட்டி, மீட்டர் வைத்து அளந்தேன். ஆப்-ஆம்ப் முழுசாகக் கத்தினால் நாலே முக்கால். ஐந்தைத் தொடவே இல்லை. நமக்குத்தான் தெரியுமே, நம்ம ஊர்க் கரண்ட். எல்லா தோல் ஷாப்பிலும் டிரம் ஓடினால் இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று அறுபதுதான் இருக்கும், டியூப்லைட் கண் சிமிட்டும், ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். கரண்ட் கம்மி என்பதால் என் சப்ளையும் கம்மி, ஆப்-ஆம்பின் குரலும் கம்மி. கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பட்டாளத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த சுபேதார், "நடுவில் காவல் இல்லாமல் இரண்டு செட்டைக் கட்டாதே" என்று கழுத்தைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கோ, ஒரு ரெசிஸ்டர்கூட இல்லாமல் நேராகக் கட்டினேன் பார் என்று பீற்றிக்கொள்ள ஆசை. "ஒரே கம்பி, நடுவுல ஒரு சாமான் கெடயாது, ஜெர்மன்காரன் வந்தா என் கால்ல உழுவான்" என்று வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னேன். மணி அடித்தது. பெரிய பாய் எனக்கு மாலை போட்டார்.

வெள்ளிக்கிழமை ஏன் அளக்கவில்லை என்று நீ கேட்பாய். உலகத்தில் வேறு எந்த ரேடியோ மெக்கானிக்காக இருந்தாலும், தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அந்த வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆம்பூரில் டிரம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால், தாலுகா முழுக்கக் கரண்ட் குதிரை மாதிரி மேலே ஏறும். இருநூற்று அறுபது, இருநூற்று எழுபது. பல்பு வெடிக்கும், ரேடியோ புகையும். சாயந்திரம் என் கடை வாசலில் செத்த ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நிற்பார்கள். "வெள்ளிக்கிழமை வியாதி" என்று அதற்குப் பெயர் வைத்ததே நான்தான், மகளே. அந்த வியாதியால்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஊரில் அதைத் தெரிந்தவன் ஒருவன் உண்டென்றால் அது நான். வெள்ளிக்கிழமை அளக்கப் போகாததற்குக் காரணமும் அதுவேதான். அன்றைக்குக் கடையில் ரேடியோ குவியும், என்னால் நகர முடியாது.

அடுத்த பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலை கழுத்தில் இருந்தபோது கோவிந்தன் மேஸ்திரி என்னிடம், "இனிமே மூடிக்கல்ல மொதநாளே தொறக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார். "மேஸ்திரி, ராக்கெட் கண்டுபுடிச்சப்புறம் எவனாவது மாட்டுவண்டி கட்டுவானா? தொறங்க, மெஷின் மூக்க உள்ள உடுங்க, மணி அடிக்கலன்னா எறங்குங்க. ஒரு நாள் பூரா ஊர நாறடிக்கணும்னு இன்னா தலையெழுத்து?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் நாலு வார்த்தை வந்தது. அவற்றை இப்போது எழுதக் கை வரவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமை தொட்டி வேலை இல்லை. நாலாவது வெள்ளி. கோவிந்தன் மேஸ்திரி பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டிரம் நின்றது, பாய்மார்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் மூடிக்கல்லை நகர்த்தினார்கள். வாசலில் வாட்ச்மேன் முனுசாமி பட்டனை அமுக்கினார், பச்சை விளக்கு எரிந்தது. அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார்கள். சேற்றைக் கிளறினார்கள். மணி அடிக்கவில்லை. மேஸ்திரிக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் தேவராஜு" என்றாராம். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "இன்னா மேஸ்திரி, நம்ம மச்சான் கட்டின மணி. அடிக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். முத்துலட்சுமி பொய் சொல்ல மாட்டா" என்று சிரித்துவிட்டு ஏணியில் கால் வைத்தாராம்.

அங்கே நடந்தது இதுதான். வாயு வந்தது. அந்தச் சாமான் முணுமுணுத்தது. ஆப்-ஆம்ப் அதைக் கேட்டது. அன்றைக்குக் கரண்ட் உச்சியில் இருந்ததால், தன் பலத்தையெல்லாம் திரட்டி, எட்டு வோல்ட்டில் கத்தியது. மறுமுனையில் கேட்க வேண்டிய காது அந்தச் சத்தத்திலேயே செத்தது. சேதி போகாமல் இல்லை, விஜி. சேதி போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் யாரும் உயிரோடு இல்லை.

மேஸ்திரி கயிற்றைப் போட்டு மேலே இழுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் வண்டி பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். உன் அம்மாவும் அதே வண்டியில் போனாள். சேதி கேட்டுக் கடையிலிருந்து ஓடிவந்த நான் கூடப் போகவில்லை. உன் அம்மா இன்றுவரைக்கும், தன் அழுகையைப் பார்த்தால் தங்கை உடைந்துபோவாள் என்றுதான் அண்ணன் கூட வரவில்லை என்று நினைக்கிறாள். நான் வாட்ச்மேன் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். டிரான்ஸீவர் சில்லின் முதுகில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வேறொன்றும் இல்லை. அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பையில் இருந்த மாற்றுச் சில்லைச் செருகிவிட்டு, பெட்டியை மூடினேன்.

மறுநாள் சனிக்கிழமை விசாரணை. டிரம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வழக்கம்போல நூற்று அறுபது. எல்லோர் முன்னாலும் சேற்றுப் பாட்டிலைக் காட்டினேன். மணி அடித்தது, ஊருக்கே கேட்கிற மாதிரி. எல்லோரும் முனுசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது வயது ஆள். "சத்தியமா அடிக்கல சாமி. நான் இங்கயேதான் ஒக்காந்துனு இருந்தேன். அடிக்கவே இல்ல" என்றார். யாரோ, "சோறு துன்னுட்டு அசந்துட்டியா?" என்று கேட்டார்கள். "இல்ல சாமி, கண்ண மூடல." பெரிய பாய் என்னைப் பார்த்து, "நீ சொல்லு தம்பி. மெஷின்ல எதுனா கோளாறு இருக்குமா?" என்று கேட்டார். சட்டைப் பையில் அந்தச் சில்லு இருந்தது. நீட்டினால் போதும். வாழ்நாள் முழுக்க ஒன்றைப் பத்தாக்கிப் பேசியவன், அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை பேசினேன். "இருக்காது" என்றேன்.

முனுசாமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஊரில் அவரால் டீக்கடையில் உட்கார முடியவில்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணை நடந்த அன்று சாயந்திரமே நான் இரண்டு ரெசிஸ்டரும் ஒரு ஜீனரும் கொண்டுபோய் அந்தக் கம்பியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்த மணி ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. பெரிய பாய் அதைப் பார்த்து, "உன் மெஷின் மேல தப்பு இல்ல தம்பி, மனசத் தேத்திக்கோ" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

உனக்கு நினைவிருக்கும், ஐந்தாவது படிக்கும்போது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள். முனுசாமி கையில் ஒரு மஞ்சள் பையோடு ஒடுகத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா பார்த்துவிட்டாள். குனிந்து மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "தூங்கிட்டியே, பாவி! என் தாலிய அறுத்துட்டு நீ தூங்கிட்டியே!" என்று கத்தினாள். அவர் தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. நான் உன்னையும் உன் அம்மாவையும் பக்கத்துக் கடைக்குள் கூட்டிப்போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தேன். சோடாவைக் குடித்துக்கொண்டே நீ கேட்டாய்: "அந்தத் தாத்தா ஏன் மாமா தூங்குனாரு?" நான் சொன்னேன்: "வயசாயிடுச்சு கண்ணு." நான் செய்த எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்த ஒரு பதிலை இன்னொரு தட்டில் வைத்தால், அதுதான் கீழே இறங்கும்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்றால், அதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. குழந்தை தாங்கமாட்டாள், பெரியவள் ஆகட்டும் என்று. பெரியவள் ஆனபோது, பரீட்சை முடியட்டும் என்று. பிறகு வேலை கிடைக்கட்டும், பிறகு நல்ல இடம் அமையட்டும். நீ எவ்வளவு தாங்குவாய் என்று நான் ஒருநாளும் அளந்து பார்த்தவன் இல்லை. என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அதற்கு உன் பெயரை வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒடுகத்தூர் போனேன். உன் கல்யாணம் நிச்சயமான மறுவாரம். முனுசாமி இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், "ரேடியோக்காரரா? வாங்க, வாங்க" என்று தடவித் தடவி ஒரு முக்காலியை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சில்லு, கரண்ட், சட்டைப் பை, எல்லாம். அவர் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. அப்புறம் கேட்டார்:

"அப்ப நான் தூங்கலியா?"

"இல்லீங்க. நீங்க தூங்கல."

"மணி அடிக்கலியா?"

"அடிக்கல."

"ஒரு வருசம் அப்டித்தான் சொல்லினு இருந்தேன். அடிக்கல, அடிக்கலன்னு. எவனும் நம்பல. எம் பொண்டாட்டியும் நம்பல, அத்தோடயே போய் சேர்ந்துட்டா. அப்புறம் நானே நெனச்சிக்கினேன், அசந்துதான் இருப்பம்போல. இவ்ளோ பேர் சொல்றாங்களே. அப்புறம் அந்த மணி சத்தம் கூட எனக்குக் கேக்க ஆரம்பிச்சிடுச்சி சார். கனாவுல மணி அடிக்கும், நான் தூங்கினு இருப்பேன். தெனம் செத்துப்போன அந்தாள்கிட்ட மன்னிப்பு கேட்டுனு இருக்கேன். இப்ப வந்து இல்லன்றியே. நான் இத்தினி வருசம் கேட்ட மன்னிப்ப இன்னா சார் பண்றது?"

அவர் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். "வேணாம். கடல நசுங்கிடும்" என்றார். அவ்வளவுதான். கிளம்பும்போது பேத்தியைக் கூப்பிட்டு ஒரு பை வேர்க்கடலை கட்டிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பை கடையில் அப்படியே இருக்கிறது. என்னால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

கல்யாணமாகிப் போகிற மகளுக்கு அப்பன்மார் புத்தி சொல்வார்களாம். என்னிடம் இருக்கிற சரக்கு கொஞ்சம்தான். எதையும் வசதியான நாளில் சோதித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லாதே. இருக்கிறதிலேயே மோசமான நாளில் போய்ப் பார். நீ கட்டிக்கொள்கிற பையனையும் அப்படியே பார், அவன் நல்லவனாக இருந்தாலும். நாலு பேர் கூடி ஒருவனைப் பார்த்து நீ தூங்கிவிட்டாய் என்று சொன்னால், தூங்கவில்லை என்று அவன் சொல்வதை ஒருமுறையாவது உட்கார்ந்து கேள். உன்னை முழுசாக நம்புகிறவரிடம் ஒருபோதும் பெருமை பேசாதே, அவர் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார், அப்புறம் ஏணியில் கால் வைப்பார். இவ்வளவையும் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்காதே. ஒன்றும் ஆகாது. போனவர் வரமாட்டார். இதை நீ மன்னிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. நம்பிக்கை இருந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லப் போகிறேன். அவள் என்ன செய்வாள் என்று தெரியும். மண் எங்கள் வாசலிலும் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருக்கிறது. எல்லாம் கோர்த்தாகிவிட்டது. உன் பேர், மாப்பிள்ளை பேர், நாள், மண்டபம், எல்லாம் சரியாக இருக்கிறது, எழுத்துப்பிழை பார்த்துவிட்டேன். கீழே, தாரை வார்த்துக் கொடுப்பவர் என்று ஒரு வரி வரும். அதை மட்டும் கோர்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "இன்னா சார், ஒங்க பேர்தான? போட்டுட்டா ஆச்சு" என்று அச்சுக்கோர்க்கிறவர் தினமும் கேட்கிறார். திங்கட்கிழமை மிஷினில் ஏற்ற வேண்டும். நீ எந்தப் பேரைச் சொல்கிறாயோ அதைப் போடட்டும், வெற்று வரியாகவே விடச் சொன்னாலும் விடட்டும். என் பேர் இல்லை என்றால் நான் பந்தலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அன்றைக்கு லைட்டும் மைக் செட்டும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. அதுவும் வேண்டாம் என்றால் வரவில்லை. ஆனால் முதல் பத்திரிகை ஒடுகத்தூருக்குப் போகட்டும். முனுசாமி, அவர் மகள் வீடு. மஞ்சள் தடவி நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுக்கும்போது இதை மட்டும் சொல், நான் சொன்னதாக இல்லை, தேவராஜ் மகள் சொன்னதாக. நான் சொன்னதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை, நான் கதை அளக்கிறவன் என்று ஊருக்கே தெரியுமே. நீ சொன்னால் நம்புவார்.

மணி அடிக்கவில்லை என்று சொல்.

உன் மாமா